தந்தை தொடங்கிய இதழ், மகன் திரட்டிய படை

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பின்வரிசையில் அமர்ந்து எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்களுக்கான ஓர் இதழ் இளைஞர் அமைப்பாக வளர்ந்த வரலாற்றைப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இதழ் நடத்திக் கடனாளியானவர்களின் வரலாறு என்றால் இந்த மேடையிலேயே நாலைந்து பேர் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். பிழைத்துக்கொண்ட ஓர் இதழின் கதையைத் தேடித்தான் நான் கடல் கடந்து வேல்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே, அதோடு ஒட்டியிருக்கும் சிறிய நாடு. மலையும் ஆடும் நிலக்கரியும் சிலேட்டுக் கல்லும் உள்ள நாடு. அதன் மொழி வெல்ஷ். ஆங்கிலத்துக்கும் அதற்கும் உறவு மிகத் தொலைவானது. 1891 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்ஷ் பேசினார்கள். 1911இல் அது 43.5 விழுக்காடு. 1921இல் 37 விழுக்காடு. முப்பதே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு. எந்த மன்னனும் அந்த ஆண்டுகளில் மொழியைத் தடை செய்யவில்லை. பிள்ளைகள் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் நிறுத்தினார்கள்? அதற்கு ஒரு சிறுவனின் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

1858ஆம் ஆண்டு லானுக்லின் என்ற மலைக் கிராமத்தில் ஓவன் மார்கன் எட்வர்ட்ஸ் பிறந்தார். அவர் படித்த பள்ளியில் வெல்ஷ் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதை இறக்க ஒரே வழி, வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதைக் கேட்டுப் பிடித்துக் கொடுப்பது. உடனே மரத்துண்டு அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். மாலையில் பள்ளி விடும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்குப் பிரம்படி. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். அடிப்பவர் ஆசிரியர், காட்டிக்கொடுப்பவர் பக்கத்து இருக்கைத் தோழன். தாய்மொழியில் பேசுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே வந்துவிடும். அந்த மரத்துண்டு தன் கழுத்தில் மீண்டும் மீண்டும் தொங்கியது, இன்னொருவரை மாட்டிவிட்டு அதை இறக்கிக்கொள்ள மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

அந்தச் சிறுவன் ஆக்ஸ்போர்டு போய், அங்கேயே ஆசிரியராகி, 1892இல் ஓர் இதழ் தொடங்கினார். பெயர் ‘கம்ரிர் பிளாந்த்’. வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் என்று பொருள். கதை, பாட்டு, நாட்டு வரலாறு, பறவைகள், மரங்கள் என எல்லாம் வெல்ஷ் மொழியில், சிறுவருக்குப் புரியும் எளிய நடையில் வெளிவந்தன. பிற்பாடு 1907இல் அவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளுக்கே தலைமை ஆய்வாளரானார். கழுத்தில் மரத்துண்டு கட்டிய கல்வித் துறைக்கு அதே பையன் மேலதிகாரி. சினிமாவில் இப்படி வைத்தால் நம்ப மாட்டோம்.

இப்போது நம் பொருளுக்கு வருகிறேன். 1896இலேயே இந்தத் தந்தை தம் இதழின் வழியாக ஒரு சிறுவர் சங்கத்தைத் தொடங்கினார். ‘யாழ்ச் சங்கம்’ என்று தமிழில் சொல்லலாம். நோக்கம் நல்ல நோக்கம். இதழும் கைவசம் இருந்தது. அவர் பெயருக்கு நாடெங்கும் மதிப்பும் இருந்தது. ஆனாலும் சங்கம் நிலைக்கவில்லை.

அதே இதழில், அதே நோக்கத்தோடு, 26 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மகன் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. இன்று நான் பேச வந்ததே இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றித்தான்.

மகன் பெயர் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ். 1895இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் படைவீரராக இருந்து திரும்பியவர். பள்ளி ஆசிரியர். 1920இல் தந்தை இறந்ததும் இதழ் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. வாசகர்கள் குறைந்துகொண்டிருக்கும் மொழி, போரில் இளைஞர்களைப் பறிகொடுத்த நாடு, அப்பாவின் பெயரில் ஒரு பத்திரிகை. நம்மில் பலர் ஒரு நினைவு மலர் போட்டு முடித்திருப்போம்.

1922 ஜனவரி இதழில் அவர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பல கிராமங்களிலும் ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளையாடுகிறார்கள், தாங்கள் யார் என்பதையே மறந்து வருகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டிருந்தார். ஆங்கிலத்தில் படிக்கிறார்கள் என்று புலம்புவதற்குத்தான் ஆயிரம் பேர் இருந்தார்களே. விளையாட்டு அவர் கண்ணில் பட்டது. பள்ளியில் எந்த மொழியிலும் படிக்கட்டும், மைதானத்தில் சண்டை போடும்போது எந்த மொழி வாயில் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் மொழி. இந்த இளைஞருக்கு அது விளங்கியிருந்தது என்பது என் துணிபு. தந்தை பிள்ளைகளுக்கு நல்ல நல்ல செய்திகளைக் கொடுத்தார். மகன் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்.

வேலை இதுதான். சங்கத்தில் சேர வேண்டும். வெல்ஷ் தெரிந்த மற்றப் பிள்ளைகளோடு வெல்ஷிலேயே பேச வேண்டும், வெல்ஷ் நூல்களைப் படிக்க வேண்டும், வெல்ஷ் பாட்டுகளைப் பாட வேண்டும், வெல்ஷில் விளையாட வேண்டும். சங்கத்தின் பெயர் உர்த் கோபைத் கம்ரி, அதாவது வேல்ஸ் நாட்டு நம்பிக்கைச் சங்கம். சுருக்கமாக உர்த். சேர்ந்தவர்களின் பெயர்கள் இதழில் அச்சாயின. இங்கே எத்தனை பேர் தங்கள் பெயரை முதன்முதலில் அச்சில் பார்த்த நாளை மறந்திருக்கிறீர்கள்? பெயர் வந்த பிள்ளை அந்த இதழைத் தெருவெல்லாம் காட்டும். காட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேரும். ஆசிரியர் உரை செய்யாத வேலையைப் பெயர்ப் பட்டியல் செய்துவிடும்.

அந்த ஆண்டே முதல் கிளை தோன்றியது. வெல்ஷ் செழித்திருந்த மேற்கு மாவட்டங்களில் அது தோன்றியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். தோன்றிய இடமோ த்ரெய்தின் என்ற ஊர். பிளின்ட்ஷயரில், இங்கிலாந்தின் எல்லைக்குப் பக்கத்தில். நடுவீட்டில் இருப்பவருக்கு மழையின் ஈரம் கடைசியில்தான் தெரியும், திண்ணையில் இருப்பவருக்கு முதல் சாரலிலேயே தெரியும். எல்லையோரத்துப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் தேவை முதலில் விளங்கியது.

கிளை என்று ஒன்று வந்த பிறகு இதழ் மட்டும் போதவில்லை. வாரம்தோறும் கூடும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் சாரணர் இயக்கம் வேல்ஸில் பரவியிருந்தது, ஆனால் அதன் மொழி ஆங்கிலம். அதில் சேர்ந்தால் கூடாரம், அணிவகுப்பு, நெருப்பு மூட்டிச் சமையல் எல்லாம் உண்டு. வெல்ஷில் என்ன இருந்தது? தேவாலயம் இருந்தது, கவிதைப் போட்டி இருந்தது, பெரியவர்களின் நீண்ட சொற்பொழிவுகள் இருந்தன. (என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே போவான்?

ஆகவே 1928இல் அப்பா பிறந்த அதே லானுக்லினில் முதல் கூடார முகாம் நடந்தது. 1929இல் கார்வென் என்ற ஊரில் இளையோருக்கென்றே தனியாகப் பாட்டு, கவிதை, நாடகப் போட்டி விழா. ஐஸ்தெத்வோத் என்பது வெல்ஷ் மக்களின் பழைய இலக்கியத் திருவிழா; அதன் இளையோர் வடிவம் இது. 1932இல் லாங்ரானாக் என்ற கடலோர ஊரில் நிரந்தர முகாம். அதே ஆண்டில் லானெல்லியில் ஓட்டமும் தாண்டலுமாக விளையாட்டு விழா. அதே ஆண்டில் சங்கம் ஒரு நிறுவனமாகவும் பதிவு செய்யப்பட்டது. அடுத்து ஒரு கப்பலையே அமர்த்திக்கொண்டு வெல்ஷ் பேசுவோரைக் கடற்பயணம் அழைத்துப் போனார்கள். கப்பல் முழுக்க வெல்ஷ் என்ற எண்ணமே ஒரு துணிச்சல்.

1935இல் இவான் ஒரு திரைப்படமும் எடுத்தார். சிலேட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குடும்பக் கதை. வெல்ஷ் மொழியின் முதல் பேசும் படம் அதுதான். திரையரங்குகள் ஆங்கிலப் படங்களுக்கே உரியவை என்பதால், படக்கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டினார்கள். ஒரு சிறுவர் இதழின் ஆசிரியர் படம் எடுக்கிறார், கப்பல் பிடிக்கிறார். கணக்கு வழக்கு எப்படிச் சமாளித்தார் என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

இவற்றைவிடப் பெரியதாக நான் கருதுவது ஒரு சிறிய பள்ளிக்கூடம். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, லிவர்பூல் போன்ற ஆங்கில நகரங்களிலிருந்து பிள்ளைகளை வேல்ஸ் ஊர்களுக்கு அனுப்பினார்கள். இவான் குடியிருந்த அபெரிஸ்த்வித் நகரப் பள்ளிகளும் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகளால் நிறைந்தன. பாவம், அந்தப் பிள்ளைகள் மீது என்ன குற்றம்? ஆனால் ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு வெல்ஷ் தெரியாது என்றால் அந்த வகுப்பு எந்த மொழிக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். இவான் அரசுக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கவில்லை. அந்த மாதமே, உர்த் சங்கத்தின் பெயரில், முழுக்க வெல்ஷ் வழியில் ஒரு தொடக்கப் பள்ளியைத் திறந்தார். மாணவர்கள் ஏழு பேர். ஆசிரியை ஒருவர், நோரா ஐசக் என்ற இளம் பெண். அந்த ஏழு பேரில் ஒருவன் இவானின் மகன் ஓவன்.

தன் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஊரார் பிள்ளைகளைக் கேட்டார் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். மேடையில் ஒரு மொழி, பிள்ளைக்கு வேறு மொழி என்று அவர் வாழவில்லை.

ஏழு பேர் பள்ளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வெல்ஷ் வழியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்க முடியும் என்பதற்குக் கண்முன்னே ஒரு சான்று கிடைத்தது. 1947இல் லானெல்லியில் உள்ளாட்சிக் கல்வித் துறையே முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைத் திறந்தது. இன்று அத்தகைய பள்ளிகள் வேல்ஸ் எங்கும் இருக்கின்றன. அந்தப் பையன் ஓவன் என்ன ஆனான் தெரியுமா? 1980களில் வெல்ஷ் மொழிக்கென்று தொலைக்காட்சி அலைவரிசை வந்தபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். தாத்தா இதழ், அப்பா சங்கம், பேரன் தொலைக்காட்சி.

குடும்பப் புகழ் பாட வந்தேன் என்று எண்ண வேண்டாம். உர்த் மீது குறையும் உண்டு. சங்கத்தின் உறுதிமொழி ‘வேல்ஸுக்கும் சக மனிதருக்கும் கிறிஸ்துவுக்கும் உண்மையாக இருப்பேன்’ என்பது. அரசோடு மோதுவது அதில் இல்லை. 1962இல் வெல்ஷ் மொழிச் சங்கம் என்ற போராட்ட அமைப்பு உருவானது. ஆங்கிலப் பலகைகளுக்கு மை பூசி, சிறைக்குப் போன இளைஞர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் பலர் உர்த் முகாம்களில் வளர்ந்தவர்கள்தாம். 1969இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் வேல்ஸ் இளவரசராகப் பட்டம் சூட்டப்படவிருந்த நேரத்தில், அபெரிஸ்த்வித்தில் நடந்த உர்த் விழா மேடையில் ஏறி வெல்ஷில் பேசினார். கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டியது. இன்னொரு பகுதி இளைஞர்கள் எழுந்து எதிர்ப்புக் காட்டி வெளியேறினார்கள். யார் செய்தது சரி? என்னைக் கேட்டால், எழுந்து போனவர்களுக்கு அந்த முதுகெலும்பைக் கொடுத்ததிலும் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பேன். ஆனால் அந்த மேடையை அன்று இளவரசருக்குக் கொடுத்தது எனக்கு உவப்பாக இல்லை. சங்கம் பெரிதாகிவிட்டால் எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஆசையும் வந்துவிடுகிறது.

இன்னொரு கேள்வியையும் நீங்கள் கேட்பீர்கள். அதை நானே கேட்டுவிடுகிறேன். இவ்வளவு செய்தும் மொழி பிழைத்ததா? 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடுதான். 1921இன் 37 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. உர்த் தோற்றுவிட்டது என்று இதை வைத்து வாதிடலாம். ஆனால் சரிவின் வேகத்தையும் பாருங்கள். 1981இல் 18.9. அதற்கடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒரு விழுக்காடு அளவுதான் குறைந்திருக்கிறது, நடுவில் 2001இல் ஏறியும் இருக்கிறது. சுரங்கங்கள் மூடி, ஊர்கள் காலியாகி, ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில் இது சின்ன விஷயம் அன்று. மேலும், இன்று உர்த் உறுப்பினர்களில் வீட்டில் வெல்ஷ் கேட்டே வளராத பிள்ளைகள் ஏராளம். இருப்பதைக் காக்கத் தொடங்கிய சங்கம், இல்லாத வீட்டுக்கு மொழியைக் கொண்டுபோகும் சங்கமாகிவிட்டது.

2021இல் காபூல் வீழ்ந்தபோது வெளியேறி வந்த ஆப்கானியக் குடும்பங்கள் சிலவற்றை கார்டிப் நகரிலுள்ள உர்த் மையத்தில் தங்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தோடு வெல்ஷும் அறிமுகமானது. உறுதிமொழியில் வரும் சக மனிதர் என்ற சொல்லுக்கு அதை எழுதியவர் இவ்வளவு பொருள் நினைத்தாரோ இல்லையோ, அமைப்பு அதை நினைவில் வைத்திருந்தது.

செயலாளர் இரண்டாவது துண்டுச் சீட்டை அனுப்பிவிட்டார். முதல் சீட்டை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். இனி உங்கள் கேள்விகள், பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.