கோவம் ஏன் 11 மணிக்கு வருது?

நடுவர் ஐயா அவர்களே, ஆடிப் பண்டிகைக்கு வந்திருக்கிற அம்மாபேட்டைப் பெரியவங்களே, தாய்மார்களே, வணக்கம்.

"நிம்மதியை அதிகம் கெடுப்பது நெருக்கடியா, சாப்பாடா?" இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் நெருக்கடின்னு பேசிக் கைதட்டல் வாங்கிட்டு உக்காந்திருக்காரு. "தட்டுல என்ன இருந்தா என்ன, தவணைக்காரன் வராம இருப்பானா?"ன்னு கேட்டாரு. வருவாண்ணா. ஒத்துக்கறேன். ஆனா கடன் 24 மணி நேரமும் நம்மகூடத்தான் இருக்கு. கோவம் மட்டும் ஏன் சொல்லி வெச்ச மாதிரி 11 மணிக்கு வருது?

சிரிக்காதீங்க, எங்க வீட்டுக் கதை இது. என் தம்பி ஒரு வெள்ளிப் பட்டறையில கொலுசுக் கண்ணிங்களை நெருப்புல பத்த வெச்சு இணைக்கிறான். காலையில 7 மணிக்கு ஒரு டீயோட கிளம்புவான். பட்டறையில எட்டரைக்கு ஒரு டீ, 10 மணிக்கு ஒரு டீ, கூட ரெண்டு வர்க்கி. 11 மணிக்குக் கை லேசா நடுங்கும். நெருப்பு ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் கண்ணி உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உருகினா கூலியில பிடிப்பு. உடனே பக்கத்துல இருக்கிறவனைத் திட்டுவான். அந்தத் திட்டோட மிச்சம் ராத்திரி வீட்டுக்கு வரும். கேட்டா "வேலை டென்ஷன்க்கா"ம்பான்.

அவன் பொண்டாட்டி ஒரு நாள் தூக்குப் போசியில கம்மங்கூழை மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயமும் அவிச்ச நெலக்கடலையும் கட்டிக் குடுத்தா. அம்மனுக்கு ஊத்துற கூழை நாம வருஷத்துக்கு ஒரு நாள்தானே குடிக்கிறோம்! முதல் வாரம் போசி மூடி திறக்காமலே திரும்பி வந்துச்சு, கூட்டாளிங்க கிண்டல் பண்றாங்கன்னு. அவளும் விடல. மூணு மாசம் ஆச்சு. அதே முதலாளி, அதே கூலி, அதே கடன். 11 மணிச் சண்டை மட்டும் இல்லை. வட்டி கட்டுற தேதியில ஒரு சண்டை வரும், அதை நான் மறைக்கல.

இதுல மாயம் ஒண்ணுமில்லீங்க. வெறும் வயித்துல ரத்தத்துச் சர்க்கரை இறங்கும்போது அதை மேல தூக்க உடம்பு அட்ரினலின், கார்டிசால்னு ரெண்டு ஹார்மோனைச் சுரக்குது. வழியில பாம்பைப் பார்த்தா சுரக்கிறதும் இதேதான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும். அதுக்கு மேல டீயை ஊத்தினா என்ன ஆகும்? பசின்னு அவனுக்கே தெரியாது. முதலாளி மேல வெறுப்புன்னு நினைச்சுக்குவான்.

காபிக்கு வர்றேன். நானும் காபிக்காரிதான். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுல காபிச் செடி வெச்சாரு. மலையில வெச்சது இப்ப நம்ம தூக்கத்துல காய்க்குது! சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபியில இருக்கிற காபீன்ல ஏறக்குறையப் பாதி, ராத்திரி 11 மணிக்கும் உடம்புக்குள்ள சுத்திட்டிருக்கும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். தூக்கம் கெட்டவனுக்கு மறுநாள் கடன்காரன் ரெண்டு ஆளாத் தெரிவான்.

"இதெல்லாம் பாட்டி வைத்தியம்"னு அண்ணன் முணுமுணுக்கிறது கேக்குது. ஆஸ்திரேலியாவுல ஃபெலிஸ் ஜாக்காங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 2017-ல ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. மனச்சோர்வு நோய் இருந்த 67 பேர், 12 வாரம். ஒரு பாதிக்குக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன்னு சாப்பாட்டை மாத்த ஆலோசனை. இன்னொரு பாதிக்குப் பேச்சுத்துணை மட்டும். கடைசியில நோய்க்குறி விலகினவங்க சாப்பாட்டுப் பக்கம் மூணுல ஒருத்தர், பேச்சுத்துணைப் பக்கம் நூத்துக்கு 8 பேர். சின்ன ஆய்வுதான். நிறையப் பேர் மருந்தும் எடுத்துட்டிருந்தாங்க. அதனால யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மாத்திரையோட தட்டையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற நம்ம பொண்ணுங்ககிட்ட வர்றேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, புள்ளை ஒரு தடவை கூப்பிட்டாலே எரிச்சல் வருது. வீட்டுல என்ன சொல்றாங்க? "அவளுக்கு எப்பவும் சிடுசிடுப்பு." ஏம்மா, எல்லாருக்கும் போட்டுட்டு, பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிட்டு, உடனே ஒரு டீ குடிச்சா ரத்தம் எங்கிருந்து ஊறும்? கீரையில இருக்கிற கொஞ்ச இரும்பையும் டீயில இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் பிடிச்சு வெச்சுக்குது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயும் பின்னாலயும் டீ, காபி வேண்டாம்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொல்லிருச்சு. அவ சிடுசிடுப்புக்கு மாமியாரைக் காரணம் சொல்றதுக்கு முன்னால, அவ தட்டுல என்ன மிஞ்சுச்சுன்னு ஒருத்தராவது பார்த்தீங்களா?

அண்ணனுக்கு ஒரு இடத்துல மட்டும் பதில் இல்லை என்கிட்ட. கீரை வாங்கவே காசில்லாத வீட்டுல இதைப் பேச முடியாது, அங்க நெருக்கடிதான் தட்டே. ஆனா இந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்கு டீக்கும் வர்க்கிக்கும் காசு இருக்கு. அதே காசுக்கு ஒரு பிடி கடலை வரும்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, முடிச்சுக்கறேன். மேடைக்குப் பின்னாலேருந்து பார்த்துட்டே இருந்தேன். 5 மணியிலேருந்து விழாக்குழு உங்களுக்கு மூணு டீ குடுத்திருக்கு, வேற ஒண்ணுமே குடுக்கல. பின்னால இட்லி ஆவி பறக்குது. ரெண்டு சாப்பிட்டுட்டு வந்து தீர்ப்பு சொல்லுங்க. எதிரணி அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்குக் கை நடுங்குது.