பாம்பைப் பிடிப்பவருக்குப் பட்டா இல்லை

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். இன்று இருளர் மக்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். 'பழங்குடிகள்' என்று பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் உறுத்தாது.

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். வியாபாரிகள் வந்து தோலை வாங்கிப் போனார்கள். அது வெளிநாட்டில் செருப்பாகவும் கைப்பையாகவும் ஆனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேவையான சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லாபம் பார்த்த ஏற்றுமதிக்காரர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்ளலாம். பாம்பு பிடித்தவர் எதற்கு மாறுவார்? அவருடைய தொழில்தான் குற்றமாகிப்போனது.

1978இல்தான் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு வகை. உயிரோடு பிடித்துப் பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்தபின் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு இந்த விஷத்தை நம்பித்தான் இருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாமும் கைதட்டினோம். சரி, சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். மற்றவர்கள்?

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் விறகு வெட்டிலும் பாருங்கள். முன்பணமாகச் சில ஆயிரம் வாங்கினால் போதும், குடும்பமே அங்கு அடைபட்டுவிடும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்று இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி நகராது. அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் பெரும்பாலும் கோட்டாட்சியர், அதாவது தாசில்தாருக்கு மேலே உள்ள வருவாய் அதிகாரி.

சாதிச் சான்றுக்கும் அவரிடம்தான் போகவேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் அளவில் முடிகிற வேலை, பழங்குடி என்றால் ஒரு படி மேலே போகிறது. போலிகள் நுழைந்துவிடக் கூடாது என்கிறார்கள். போலிகள் இருந்ததும் உண்மைதான். ஆனால் போலி ஆசாமிக்கு அலுவலகம் பழக்கம், வக்கீல் பழக்கம். மாட்டிக்கொள்வது இருளர் பிள்ளைதான். "அப்பாவின் சான்று எங்கே?" என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பா எதற்குச் சான்று வாங்கியிருப்பார்? பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

நிலத்தின் கதையும் இதேதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்துக்கானது. சமவெளி இருளர்களில் பலர் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருப்பவர்கள். அவர்கள் வருவாய்த் துறைக் கணக்கில் ஆக்கிரமிப்பாளர்கள். பட்டா கிடையாது. ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் போலீஸ் ஜீப் முதலில் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2011 நவம்பரில், திருட்டு வழக்கு விசாரணை என்று வந்த காவலர்கள் நான்கு இருளர் பெண்களை வன்கொடுமை செய்ததாகத் திருக்கோவிலூர் அருகேயிருந்து புகார் எழுந்தது. பட்டாவும் படிப்பும் உள்ள தெருவுக்குள் அப்படி இரவில் ஜீப் நுழையுமா?

ஒரு சான்று இல்லாததால் படிப்பு நிற்கிறது. படிப்பு நின்றால் சூளைதான். சூளையில் இருப்பவர் மனுக் கொடுக்க ஒருநாள் கூலியை விடமுடியாது. அதிகாரிகள் குடியிருப்புக்கே போய், நேரில் விசாரித்து அங்கேயே சான்று கொடுத்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். முகாம் போட்டுக் கொடுத்த இடங்களும் உண்டு. ஆட்சியர் மனம் வைத்த மாவட்டத்தில் நடக்கிறது, அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடுகிறது. அதுதான் எனக்குக் கோபம். உரிமை ஒன்று, நல்ல அதிகாரி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டா இருக்கவேண்டும்?

சட்டம் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருளர் சான்றுக்கு வந்த மனுக்கள் எத்தனை, நிலுவையில் எத்தனை, தள்ளுபடி ஆனவை எந்தக் காரணத்தால் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுத அரைப் பக்கம் போதும். கூட்டம் முடிந்ததும் வாருங்கள், மாதிரிப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன்.