ஸ்பொன்சர் யார்?

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், எது வந்தாலும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுப்பேன். 2022இல் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் என் வாசலிலும் ஒரு வரிசை நின்றது. வெளிநாட்டு வேலைக்குப் போகவென்று தாதிமார், பொறியியலாளர், கணக்காளர் என்று வந்தார்கள். அந்த வரிசை இன்னும் முழுதாகக் கலையவில்லை.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஸ்பொன்சர் யார்?" என்றுதான். அதாவது, விசாவுக்குப் பொறுப்பேற்று வேலை தரும் வெளிநாட்டு முதலாளி யார் என்று. பாதிப் பேருக்கு ஏஜென்சிக்காரரின் பெயர் தெரிகிறது, அவருடைய வட்சப் இலக்கம் தெரிகிறது. தங்களுக்குச் சம்பளம் தரப்போகிற முதலாளியின் பெயர் தெரிவதில்லை. இது எனக்குப் பெரிய கவலை.

போன வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி தாயோடு வந்தார். இயந்திரவியல் பொறியியலாளர், கெட்டிக்காரப் பிள்ளை. பைலுக்குள்ளிருந்து ஒரு தடித்த தாளை மெதுவாக வெளியே எடுத்தார். லமினேற் பண்ணியிருந்தது. மேலே கிரீடம், கீழே தங்க நிற முத்திரை, நடுவில் அவருடைய முழுப்பெயர். பிரித்தானிய ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழாம். முப்பத்தைந்து இலட்சம் கேட்டிருக்கிறார்கள். மூன்று இலட்சம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மிச்சத்துக்காக அம்மா காணி உறுதியைக் கைப்பைக்குள் வைத்திருந்தார்.

தம்பிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிரித்தானியாவில் 'சான்றிதழ்' என்று சொன்னாலும் அது தாள் இல்லை. அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாளி, அந்நாட்டு உள்துறை அமைச்சின் கணினியில் ஏற்றும் ஒரு பதிவு. உங்கள் கைக்கு வருவது அதன் இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கம் ஒதுக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்க முத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம் இருவருமாக அந்த அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கும் ஸ்பொன்சர் பட்டியலைத் திறந்து பார்த்தோம். தாளில் இருந்த கம்பனியின் பெயர் அதில் இருந்தது. தாயின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு நெஞ்சு இன்னும் கனத்தது. ஏனென்றால் அந்தப் பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. உண்மையான கம்பனியின் பெயரை எடுத்துப் பொய்க் கடிதத்தில் போடுவது ஒரு பெரிய வேலை இல்லை. கடிதத்தில் இருந்த மின்னஞ்சலை விட்டுவிட்டு, கம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்த முகவரிக்கு எழுதச் சொன்னேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அப்படியொரு வேலையும் இல்லை, அப்படியொரு கடிதமும் அவர்கள் கொடுக்கவில்லை.

காசுக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பதிவுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் கட்டணம் 2025 ஏப்ரலில் 239 பவுணிலிருந்து 525 பவுணாக உயர்ந்தது. உயர்ந்த பிறகும் அவ்வளவுதான். 2024 டிசம்பர் 31 முதல் ஒதுக்கப்படும் பதிவென்றால் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்ட முதலாளிக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டு ஆளை எடுக்கும்போது கட்டுகிற திறன் வரி என்று ஒன்று இருக்கிறது, அதுவும் முதலாளியின் பொறுப்புத்தான். உங்கள் பங்குக்கு வருவது விசாக் கட்டணமும், வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணமும். அவுஸ்திரேலியா இன்னும் கடுமை. 2015 டிசம்பரிலிருந்து ஸ்பொன்சர்ஷிப்புக்குக் காசு கேட்பதும் குற்றம், கொடுக்க முன்வந்தாலும் நடவடிக்கை உண்டு. கொடுத்தவரின் விசாவையே ரத்துச் செய்யலாம். ஏமாந்தவர் முறைப்பாடு செய்யப் பயப்படுவதும் அதனால்தான்.

'கெயார் விசா' என்று இன்னும் விளம்பரம் வருகிறது. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22இல் நிறுத்திவிட்டது. அதே நாளில் திறன்சார் வேலை விசாவுக்குப் பொதுவாகத் தேவைப்படும் குறைந்தபட்சச் சம்பளமும் வருடத்துக்கு 41,700 பவுணாக ஏறியது. தங்கச்சிமாரே, அந்த விளம்பரத்தை நம்பித் தாலிக்கொடியை அடைவு வைக்காதீர்கள்.

சரி, உண்மையான ஸ்பொன்சரே கிடைத்துப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று வைப்போம். அந்த விசா அந்த முதலாளியோடு கட்டிய கயிறு. வேலை போனால், அல்லது முதலாளியின் அனுமதிப்பத்திரம் பறிபோனால், பிரித்தானியாவில் வழக்கமாக 60 நாள் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பொன்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் 180 நாள் வரை கிடைக்கிறது. மனைவி, பிள்ளைகள், வாடகை வீடு எல்லாவற்றோடும் அறுபது நாள் என்பது எவ்வளவு குறுகியது என்று யோசித்துப் பாருங்கள். முதலாளி ஏசினாலும் பொறுத்துக்கொண்டு இருக்கும் பிள்ளைகளின் குரலை நான் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். அதனால் கையில் மூன்று மாதச் செலவுக்காவது காசோடு போங்கள்.

இங்கே பத்தரமுல்லையில், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து, ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு விடாமல், இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி பணியகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். மூன்று இலட்சம் இன்னும் திரும்பவில்லை. இப்போது தானாகவே கம்பனிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். போன கிழமை ஒரு நேர்முகத் தேர்வு நடந்ததாகச் சொன்னார், கணினித் திரையில், ஒரு மணித்தியாலம். யாரும் காசு கேட்கவில்லையாம். காணி உறுதி திரும்பவும் அம்மாவின் அலுமாரிக்குள் போய்விட்டது.