கீபோர்டில் எந்த சவுண்ட் எடுப்பது? ஒரு கட்டையை அழுத்திக் கேளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கீபோர்டு வாங்கியாச்சு, ஆன் பண்ணியாச்சு. உள்ளே நூற்றுக்கணக்கில் சவுண்ட் இருக்கிறது. எதை எடுத்து வாசிப்பது? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம். யமஹாவில் அந்த பட்டனுக்கு வாய்ஸ் என்று பெயர், கேசியோவில் டோன்.

முதலில் பியானோ. நடு சி கட்டையை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருங்கள். அடித்தவுடன் முழுச் சத்தமும் வந்துவிட்டது, அப்புறம் மெல்லத் தேய்கிறது. நிஜப் பியானோவில் சுத்தி கம்பியை ஒரே ஒரு முறை அடித்துவிட்டு விலகிவிடும், அதனால்தான். இப்போது அதே கட்டை, ஆர்கன். அழுத்தியிருக்கும் வரை ஒரே அளவில் நிற்கிறது, விரலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. அடுத்து ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் மாதிரி வில் போட்டு வாசிக்கிற வாத்தியங்கள் சேர்ந்த சவுண்ட். கேளுங்கள், இது சட்டென்று ஆரம்பிக்கவே இல்லை. வில் கம்பியில் பட்டு மெதுவாக எழும்புகிறது, விரலை எடுத்த பிறகும் கொஞ்சம் தங்குகிறது.

சுரம் எழும்புவதை அட்டாக் என்பார்கள், அடங்குவதை ரிலீஸ் என்பார்கள். வேகமான பாட்டு ஸ்ட்ரிங்ஸில் குழைந்து போகிறதா? உங்கள் விரலில் குறை இல்லை. ஒரு சுரம் முழுதாக எழும்புவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பாட்டைப் பியானோவிலோ கிட்டாரிலோ வாசியுங்கள். நீட்டி நிற்கிற மெட்டு என்றால் ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் பக்கம் வாருங்கள்.

அப்புறம், எந்த இடத்தில் வாசிக்கிறீர்கள் என்பது. கீபோர்டு எல்லாக் கட்டையிலும் எல்லா சவுண்டையும் கொடுத்துவிடும். ஆனால் நிஜ வயலினில் நடு சிக்குக் கீழே இருக்கிற ஜியோடு கம்பி முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே போனால் காதுக்கு வயலின் என்றே தோன்றாது. புல்லாங்குழல் சவுண்டில் மூன்று கட்டையைச் சேர்த்து கார்ட் பிடிப்பதும் அப்படித்தான், ஒரு குழலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே வரும்.

நம் ஊரில் நிறைய பேர் தேடுவது நாதஸ்வரம். எந்த எண்ணில் எந்த சவுண்ட் என்று கீபோர்டுகளுக்குப் பொதுவாக, ஜெனரல் மிடி என்று 1991இல் ஒரு பட்டியல் வந்தது, மொத்தம் 128 சவுண்ட். அதில் 105 சிதார், 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை. கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஷெனாயை எடுக்கிறோம், ஆனால் நாதஸ்வரம் அதைவிட நீளமான வாத்தியம், குரலும் கனம். ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்துப் பாருங்கள், கொஞ்சம் நெருங்கி வரும். என்னைக் கேட்டால், சவுண்டைவிடப் பெரிய இடைவெளி கமகத்தில்தான், சுரத்தை அசைத்து வளைப்பதில்தான் இருக்கிறது. இடது பக்கம் சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வழக்கமாக அது இரண்டு அரைச்சுரம் நகரும், அதாவது ஸவிலிருந்து சதுச்ருதி ரி வரை. சக்கரம் இல்லாத சின்ன மாடல்களில் கமகம் நிறைந்த ராகத்தைத் தொடாமல் நேர் சுரங்களில் போகிற பாட்டை எடுப்பதே நல்லது.

பியானோவோடு ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்து லேயர் போடுவது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு கட்டைக்கு இரண்டு குரல் செலவாகிறது. சின்ன கீபோர்டுகளில் ஒரே நேரத்தில் 32 அல்லது 48 குரல்தான் ஒலிக்கும். விரலை எடுத்த பிறகும் சுரத்தை நிறுத்தி வைக்கிற சஸ்டெயின் பெடலையும் மிதித்துக்கொண்டே வாசித்தால் பழைய சுரங்கள் பாதியில் அறுந்துபோகும். லேயர் போட்டால் ஸ்ட்ரிங்ஸ் வால்யூமைக் குறைத்து, பெடலை அடிக்கடி விடுங்கள்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துகிற கிரேடு இசைத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒன்று. நோட்டேஷனில் போட்டிருக்கிற வாய்ஸ் பெயர் உங்கள் மாடலில் அப்படியே இருக்காது. பெயரைத் தேடி நேரத்தை விடாதீர்கள். எழும்புவதும் அடங்குவதும் எதில் ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் சென்னை அண்ணா சாலைப் பக்கம் போய் வாசித்துப் பாருங்கள். 1842லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் என்ற வாத்தியக் கடை அங்கேதான் இருக்கிறது. கையோடு ஹெட்போன் எடுத்துப் போங்கள், சின்ன ஸ்பீக்கரில் பேஸ் சவுண்ட் சரியாகக் கேட்காது. டெமோ பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், ஒவ்வொன்றிலும் ஒரே கட்டையை மெதுவாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை வாசியுங்கள். பியானோவில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லையா? அழுத்துகிற வேகத்துக்கு ஏற்பச் சத்தத்தை மாற்றுகிற டச் ரெஸ்பான்ஸ் ஆனில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வசதியே இல்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.