நாற்காலியிலிருந்து எழுவதற்குள் எத்தனை நரம்பு வேலை!

வணக்கம். நாற்காலி முழுதாகத் தெரிவதற்காகக் கேமராவை இன்று சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுகிறேன், பாருங்கள். உடல் முன்னால் சாய்கிறது. உடனே தொடை வெடுக்கென்று ஒரு தள்ளு தள்ளுகிறது. முதுமையில் முதலில் மங்குவது அந்த 'வெடுக்'தான்.

தசை கரைந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கணக்கு அங்கேதான் இடிக்கிறது. வயதாக ஆகத் தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு வேகமாகக் குறைகிறது. நரம்பையும் விசாரிக்க வேண்டும்.

தண்டுவடத்திலிருந்து வரும் ஓர் இயக்க நரம்பணு, அதாவது தசையை அசைக்கும் நரம்புச் செல், பெரிய தசையில் நூற்றுக்கணக்கான நார்களை ஆள்கிறது. 60 வயதைத் தாண்டினால் இந்த நரம்பணுக்கள் உதிர்வது கூடுகிறது. அநாதையான நார்களைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது! வேகமாக இயங்கிய நார், புகுந்த வீட்டு வழக்கத்தைப் பழகிக்கொண்டு மெதுவான நாராகவே மாறிவிடுவதும் உண்டு. யாரும் தத்தெடுக்காத நார்கள் சுருங்கிப்போகின்றன.

நரம்பணுக்களைப் பேணுவதும் கிளைவிடத் தூண்டுவதும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள். 1950களில் விஞ்ஞானி ரீட்டா லெவி-மோன்டால்சினி கோழிக்கரு ஆய்வில் தடம் கண்ட என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) அவற்றில் முதலாவது. 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். 103 வயது வரை வாழ்ந்தவர். இந்தத் தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா?

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். என்ஜிஎஃப் பெரும்பாலும் வலியை உணரும் நரம்புகளின் பக்கம் நிற்பது. அதைத் தசையில் ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில், அந்த இடம் நாள்கணக்கில் தொட்டாலே வலித்தது. இயக்க நரம்புகளைக் கவனித்துக்கொள்பவை அதன் உறவினர்களான பிடிஎன்எஃப், என்டி-4, வேறு குடும்பத்து ஜிடிஎன்எஃப் போன்றவை.

இவற்றைத் தசையும் சுரக்கிறது. அதாவது, நரம்பு தசைக்கு உத்தரவு போடுகிறது. தசை நரம்புக்குச் சோறு போடுகிறது. எலித் தசையில், வேலை கூடினால் என்டி-4 சுரப்பும் கூடுகிறது. ஊசியில் ஏற்றிவிடலாமே என்பீர்கள். சிஎன்டிஎஃப் என்ற காரணியை 1990களில், இயக்க நரம்பணுக்கள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எடை குறைந்தது, இருமல் வந்தது, நோய் அசையவில்லை. ஆகவே 'நரம்பு வளர்ச்சிப் பொடி' விளம்பரங்களை எனக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொரு முறை எழுகிறேன், இப்போது வேகமாக. உட்காரும்போது மெதுவாக. நீங்களும் செய்யுங்கள், மூட்டு வலி இருப்பவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், தவறில்லை.