ஒரே தொட்டியில் பருவத்துக்கொரு பூ

நேயர்களுக்கு வணக்கம்.

பூத்துக் குலுங்கும் செடியாகப் பார்த்து நர்சரியில் வாங்கி வந்து வாசலில் வைக்கிறோம். மூன்று வாரம் வாசலே அழகாக இருக்கிறது. அப்புறம் பூ குறைகிறது, செடி காய்கிறது, மண்ணைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை இப்படி ஆனால் காலித் தொட்டி மொட்டை மாடி மூலைக்குப் போய்விடும். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய தொட்டி ஒன்று. அதில் வருஷம் முழுக்க நிற்கிற செடி ஒன்று. அதன் முன்னால், செடியை வைக்கவும் எடுக்கவும் தோதாக மூன்று குழிகள். பருவம் மாறும்போது குழியில் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். சென்னையையும் அதைப் போன்ற கடலோர, சமவெளி ஊர்களையும் மனதில் வைத்துத்தான் பேசப்போகிறேன். மலை ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தொட்டியின் வாய் 18 அங்குலம் இருக்கட்டும். ஏறக்குறைய 45 லிட்டர் மண் கொள்ளும். நனைந்தால் 50 கிலோவைத் தாண்டும். அதனால் மாடியில் சுவரோரமாக, உத்திரத்தின் மேல் வருகிற மாதிரி வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம். மேற்கு வெயிலில் அதன் ஓரத்து மண் சுட்டு, வேர் வெந்துவிடும். அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஐந்து துளைகள் வேண்டும். துளைக்கு மேல் ஓட்டுச் சில்லு ஒன்று போதும். ஜல்லியைக் கனமாகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு: நயமான மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி நின்று, வேர் இருக்கும் இடத்தையே சேறாக்கும்.

மண் கலவைக்கு 15 லிட்டர் பக்கெட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பக்கெட், கழுவிய கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பக்கெட், மண்புழு உரம் அரை பக்கெட், வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி. ‘கழுவிய’ என்று சொன்னது காரணத்தோடுதான். தேங்காய் நாரில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நாளில் இலையோரம் கருகத் தொடங்கும்.

இப்போது குழிகளுக்கு வருவோம். 6 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டிகள், ஒரே அளவில், ஆறு வாங்குங்கள். மூன்றைப் பெரிய தொட்டியின் முன்பாதியில் பிறைபோல, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைத்து, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிலும் மண்ணை இறுக்குங்கள். இவை அங்கேயே நிலையாக இருக்கிற உறைகள். மற்ற மூன்றில் செடியை நட்டு, உறைக்குள் இறக்கிவிட வேண்டியதுதான்.

இங்கே ஒரு சின்ன வேலையை மறக்காதீர்கள். ஒரே அளவுத் தொட்டிகள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று இறங்கினால், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வராது. வேகமாக இழுத்தால் உறையும் சேர்ந்து வந்து, பெரிய செடியின் வேர் அறுந்துபோகும். அதனால் உறையின் அடியில் இரண்டு சிறு ஓட்டுச் சில்லுகளைப் போடுங்கள். உள்தொட்டி ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கும், விளிம்பைப் பிடித்துத் தூக்கலாம். உறையின் அடியிலும் நாலு துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை உள்தொட்டியைக் கால் சுற்று திருப்பிவிடுங்கள். அடித் துளை வழியாக வெளியே நீளும் வேர் அதிலேயே அறுந்துபோகும், செடி நாலா பக்கமும் சமமாக வெயில் பார்க்கும். திருப்பும்போது இடுக்கையும் ஒருமுறை பாருங்கள். மாவுப்பூச்சி அங்கேதான் ஒளியும்.

உள்தொட்டி கொள்ளும் மண் இரண்டு லிட்டர்தான். பெரிய தொட்டி ஈரமாகத் தெரியும்போதே இது காய்ந்திருக்கும். சேர்த்து ஊற்றிவிட்டோம் என்று விடாமல், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். மே மாதத்தில் காலையும் மாலையும். ஒரு நாள் தவறி கோகோ பீட் முழுக்கக் காய்ந்துவிட்டால், ஊற்றுகிற தண்ணீரை அது உறிஞ்சாது, ஓரமாக ஓடிவிடும். அப்போது தொட்டியைத் தூக்கி, பக்கெட் தண்ணீரில் குமிழி அடங்குகிறவரை பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். நேரடியாக நட்ட செடிக்கு இந்த வைத்தியம் செய்ய முடியாது.

நிலையாக நிற்கும் செடியின் இடம் பின்பாதி. குட்டை ரக இட்லிப்பூ, குரோட்டன், டிராசினா இவற்றில் ஒன்று போதும். காகிதப்பூவை இங்கே வைக்காதீர்கள். அது கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும். முன்னால் இருக்கிற செடிகளோ தினமும் தண்ணீர் கேட்கும். ஊற்ற ஊற்ற காகிதப்பூ கிளையும் முள்ளுமாக நீண்டுகொண்டே போகும். இட்லிப்பூவுக்கு ஒரு குறை உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றினால் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாததன் அடையாளம் அது. லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட் 3 கிராம், எலுமிச்சைச் சாறு சில துளி கலந்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள்; 15 நாள் கழித்து இன்னொரு முறை.

எந்தச் செடி என்பதைவிட எந்தப் பக்கம் வெயில் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மத்தியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். டிசம்பரில் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே சாய்ந்துவிடும். ஆகவே, கோடையில் வெயில் விழுந்த வடக்குப் பால்கனி மார்கழியில் நிழலாகிவிடும். கோடையில் நிழலாக இருந்த தெற்குப் பால்கனி தை மாதம் முழுக்க வெயிலில் குளிக்கும். போன கோடையில் இங்கேதான் நன்றாகப் பூத்தது, இப்போது ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள், மண்ணைக் கிளறுவதற்கு முன்னால் தொட்டியில் நிழல் விழுகிற நேரத்தைக் குறித்துப் பார்க்க வேண்டும். பூச்செடிகளுக்கு ஐந்து ஆறு மணி நேர வெயில் கட்டாயம்.

சித்திரையிலிருந்து ஆனி வரை குழிகளில் இருக்க வேண்டியவை வெயிலுக்கு அஞ்சாதவை: டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. டேபிள் ரோஸ் விளிம்பில் வழிந்து தொங்கும். ஒரு விரல் நீளத் தண்டை ஒடித்துச் செருகினாலே வேர் பிடிக்கும். கத்திரி வெயிலில் வெளிர் நிறங்கள் வெளுத்துப் போனதுபோலத் தெரியும். ரோஜாச் சிவப்பு, ஆரஞ்சு, வாடாமல்லி ஊதா மாதிரி அழுத்தமான நிறங்கள்தான் பகலில் கண்ணில் நிற்கும். பால்கனியில் உட்காருவது அந்தி சாய்ந்த பிறகுதான் என்றால் ஒரு குழியில் வெள்ளை நித்தியகல்யாணியை வையுங்கள். இருட்டும் நேரத்தில் கடைசிவரை தெரிவது வெள்ளைதான். ஆனால் நித்தியகல்யாணியை ஐப்பசிக்கு முன் தூக்கிவிட வேண்டும். தொடர் மழையில் தண்டு கறுத்து அழுகி, இரண்டே நாளில் சாய்ந்துவிடும்.

ஆடி, ஆவணி, புரட்டாசியில் பகல் வெயிலும் மாலை மழையும் மாறி மாறி வரும். காசித்தும்பைக்கு இதுதான் காலம். காலேடியம் கிழங்கும் இப்போது இலை விரிக்கும். பாதி நிழல் போதும்.

ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய சோதனை. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். இந்த இரண்டு மாதத்துக்குப் பூவை எதிர்பார்க்காமல், இலையின் அழகை நம்பித் தொட்டியை அமைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மப்பு மூட்டிய வெளிச்சத்தில் சிவப்பு மங்கிவிடும். வெள்ளை நரம்போடிய காலேடியம், மஞ்சள் கலந்த பச்சைக் கோலியஸ், அடியில் ஊதா காட்டும் ரியோ மூன்றையும் மூன்று குழியில் வைத்துப் பாருங்கள், மழை நாளிலும் வாசல் வெளிச்சமாக இருக்கும். பூதான் வேண்டும் என்றால் நம் ஊர்ப் பூக்கள் இரண்டு உண்டு. ஒன்று டிசம்பர் பூ. இன்னொன்று செங்காந்தள், கார்த்திகைப்பூ என்று பெயரே வைத்திருக்கிறோம். அதன் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, பின்னால் நிற்கும் குரோட்டனைப் பிடித்து ஏறும். கலப்பை வடிவக் கிழங்கின் முனையில்தான் முளை இருக்கிறது. அது ஒடிந்தால் அந்த வருஷம் செடி வராது. கிழங்கைப் படுக்கை வாக்கில் இரண்டு அங்குல ஆழத்தில் மெதுவாக வைக்க வேண்டும். செடி முழுக்கக் கடும் விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மழைக்கு முன் இன்னும் மூன்று வேலைகள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டியைச் செங்கல் துண்டுகள்மேல் இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் எல்லாத் தொட்டிகளையும், சிறியதானாலும், தரைக்கு இறக்குங்கள். புயல் காற்றில் மூன்றாம் மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும்.

மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் பூக்களின் திருவிழா. பெட்டூனியா, சால்வியா, டயாந்தஸ், வெர்பீனா, சாமந்தி எல்லாம் வரும். நவம்பரிலேயே நர்சரியில் பெட்டூனியா வந்துவிடும். அவசரப்படாதீர்கள், இன்னும் ஒரு பெருமழை பாக்கி இருக்கும், இதழ் அழுகி, அடியில் பூஞ்சை வந்துவிடும். ஊட்டியில் இதே பெட்டூனியாவை மே மாத மலர்க் கண்காட்சியில் பார்க்கலாம். அங்கிருந்து ஆசையாக வாங்கிச் சமவெளிக்குக் கொண்டுவந்தால், கத்திரி வெயிலில் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம்.

சாமந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது குளிரைவிட இருட்டைத்தான் முக்கியமாகக் கணக்குப் பார்க்கிறது. ஜூனில் சென்னையின் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம். டிசம்பரில் 11 மணி 20 நிமிஷம். இரவு நீள நீளத்தான் மொட்டு வரும். தெருவிளக்கு வெளிச்சம் ராத்திரி முழுக்க விழும் இடத்தில் வைத்த சாமந்தி, எவ்வளவு உரம் போட்டாலும் இலையாகவே வளர்ந்து நிற்கும். உரம் குறைவென்று நினைத்து இன்னும் கொட்டுவோம். இலை இன்னும் கூடும். இதற்கு உள்தொட்டி முறைதான் கைகொடுக்கும்: சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்கி இருட்டான இடத்தில் வைத்து, காலையில் மறுபடி உறையில் இறக்குங்கள். மொட்டு நன்றாகத் தெரிந்து நிறம் காட்டத் தொடங்கும்வரை செய்தால் போதும்.

எந்தப் பருவத்துக்கும் பொதுவான விதி ஒன்று. குழியில் இருப்பது பூத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மாடி மூலையில் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆறு தொட்டியோடு இன்னும் மூன்று சேர்த்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இது ஆடி மாதம். ஆயுத பூஜைக்குச் செண்டுமல்லி வேண்டுமென்றால், பூஜை நாளிலிருந்து 65 நாள் பின்னோக்கி எண்ணி அன்று விதையுங்கள். நுனி கிள்ளிக் கிளை பிரிக்கிறவர்கள் பத்து நாள் முன்னதாகவே விதைக்க வேண்டும். நாற்று வளர்க்கும் குழித்தட்டில் அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாக விதை போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மூன்றரை வாரத்தில் நாலைந்து இலையோடு உள்தொட்டிக்கு மாற்றலாம். சாமந்தி நுனிக் குச்சிகளை மூன்று அங்குலத்தில் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் ஊன்ற வேண்டியதும் இப்போதுதான். வேர் பிடித்து நட்ட நாலாவது வாரம் நுனியைக் கிள்ளுங்கள். போன வருஷக் காலேடியம் கிழங்கு தொட்டியில் தூங்கிக்கொண்டிருந்தால், மேல் மண்ணை லேசாகக் கீறி ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். முளை தெரிந்த பிறகு தினமும் ஊற்றலாம்.

நன்றி, வணக்கம்.