கீழிருந்து ஏறும் தண்ணீர்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

ஊருணி நிறைந்தால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர் நம்முடையது. நிலத்தடி நீர் ஏறியதால் நிலமே சரிந்தது என்று சொன்னால் நமக்குப் பொறாமைகூட வரும். ஆனால் வடமேற்குச் சீனாவின் கான்சு மாநிலத்தில், மஞ்சள் ஆற்றை ஒட்டிய ஹெய்ஃபாங்தாய் மேட்டில் அதுதான் நடக்கிறது.

அங்கே மழை ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவுதான். நம் சிவகங்கைச் சீமையில் பெய்வதில் பாதிகூட இல்லை. 1960களில், அணைகளுக்காக இடம்பெயர்ந்தவர்களை அந்த மேட்டில் குடியமர்த்தினார்கள். ஆற்றுத் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றி, வயலில் மடை திறந்து பாய்ச்சினார்கள். குற்றம் சொல்ல முடியுமா? பிழைக்க வேண்டுமே.

சிக்கல் மண்ணில் இருந்தது. லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து குவித்த வண்டல். மணலைவிட நைசானது, களிமண்ணைவிடப் பருமனானது. காய்ந்திருந்தால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதைக் குடைந்து வீடாக்கிக் குடியிருப்பவர்கள்கூட உண்டு.

புட்டுக்கு மாவு விரவுகிறீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசிறிய மாவு கையில் பிடித்தால் பிடியாக நிற்கும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சூண்டு ஈரம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. கை தவறி ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றிவிட்டால்? கூழ்தான். லோயஸிலும் அந்த ஈரப்பிடிப்பு உண்டு. கூடவே சுண்ணாம்பும் களிமண்ணும் ஒட்டுப்போட்டிருக்கும். உள்ளே ஏகப்பட்ட ஓட்டை.

பாய்ச்சிய தண்ணீர் வெடிப்புகள் வழியாக இறங்கிப்போய், அடியில் உள்ள களிமண் அடுக்கில் முட்டி நின்றது. நின்றது மெல்ல ஏறியது. சில பத்தாண்டுகளில் சுமார் 20 மீட்டர்! சரிவின் அடிப்பகுதி ஊறியதும் ஈரப்பிடிப்பு போய்விட்டது. துகள்கள் சுமந்த பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கத் தொடங்கியது. தண்ணீருக்கு ஏது உராய்வு? ஒரு கட்டத்தில் அந்த ஓட்டை மண் சட்டென அமுங்கும். தண்ணீர் வெளியேற நேரமில்லை. அடிமண் குழம்பாகி ஓடும். மேலே நிற்கும் காய்ந்த மண்ணும் அதோடு போகும். மழையில் மேலிருந்து ஊறிச் சரிவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே வானம் வெளுத்துக்கிடக்கும், வயலில் புழுதி பறக்கும்.

குளிர்காலம் இன்னும் மோசம். அடிவாரத்தில் கசியும் ஊற்றுவாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். வழியில்லாத தண்ணீர் உள்ளேயே மட்டம் ஏறும்.

“அப்போ தண்ணி பாய்ச்சவே கூடாதாப்பா?” என்று முன்வரிசை ஆச்சி ஒருவர் கேட்டார். பாய்ச்சலாம் ஆச்சி, மடை திறந்துவிடாமல் சொட்டுநீராக. அடிவாரத்தில் வடிகால் வைத்து உள்ளே நிற்பதை வடிய விடவும் வேண்டும்.

“நம்ம ஊரு?” நமக்கு லோயஸும் கிடையாது, அப்படிப்பட்ட சரிவும் கிடையாது. உங்கள் கிணறு ஏறினால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள்.